நாற்காலி வகுப்பு

"நாற்காலியில உட்கார்ந்து செய்யறதுக்குப் பேர் யோகாவா? பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கு!"

வாசலில் நின்றபடியே கேட்டார் ஹால் மேனேஜர். பிளாஸ்டிக் நாற்காலிகளில் கையைத் தூக்கியபடி இருந்த பெண்கள், தூக்கிய கையை இறக்க மறந்து பார்த்தார்கள்.

யோகா மாஸ்டர் சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

மனுஷனின் கவலை நாற்காலி அல்ல, முட்டி. அவருடைய சொந்த முட்டி. கொஞ்ச காலமாகவே மடங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. தரையில் உட்கார்ந்தால், எழுப்பிவிட ஆள் வேண்டும். காலை மடக்க முடியாத யோகா மாஸ்டரை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? வேறு தொழிலும் தெரியாது. மனைவியிடம்கூட அவர் மூச்சு விடவில்லை.

நல்ல வேளை, அந்த நேரம் பார்த்து இந்தப் பெண்களே வந்து, "மாஸ்டர், முட்டி வலி உயிர் போகுது. நாற்காலியில உட்கார்ந்துக்கறோமே" என்று கெஞ்சினார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஆனால் விழுந்த பழத்தை உடனே எடுத்துத் தின்றால் சந்தேகம் வருமே! முகத்தைச் சுளித்து, நாலு திட்டு திட்டி, அப்புறம்தான் "சரி, தொலையட்டும்" என்றார். அன்றிலிருந்து திட்டாத நாள் இல்லை.

"ஒரு பொண்ணு வேலை கேட்டு வந்திருக்கு, மாஸ்டர்" என்றார் மேனேஜர். "வில்லா வளையுது. உங்களுக்கு முடியலைன்னா சொல்லிடுங்க. எங்கே, ஒரு பத்மாசனம் போட்டுக் காட்டுங்க பார்ப்போம்."

மாஸ்டர் பக்கத்திலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அவருக்கு என்ன குறைச்சல்?" என்று எகிறினாள் தையல்கடை அக்கா. "கீழ உட்காருங்க, கீழ உட்காருங்கன்னு தினமும் உயிரை எடுக்கிறார். நாங்கதான் கேட்கிறதில்ல."

"ஆமா சார்" என்று முழங்காலைத் தேய்த்தார் ரிட்டயர்டு டீச்சர். "நான் கீழ உட்கார்ந்தா கிரேன் வெச்சுத்தான் தூக்கணும். உங்க வில்லு வந்து என் எலும்பை முறிச்சா, ஆஸ்பத்திரிக்கு நீங்க வந்து படுப்பீங்களா?"

"நல்லது சொல்ல வந்தா என்னையே கடிக்கிறீங்களே! எப்படியோ போங்க."

மேனேஜர் போய்விட்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது, கூடவே பழைய வாயும் வந்தது.

"பார்த்தீங்களா? உங்களால எனக்கு எவ்வளவு அவமானம்! எல்லாம் பழக்கம்மா. டி.வி. பார்க்க சோபா, சாப்பிட மேஜை, மாடி ஏற லிஃப்ட். உடம்பு எப்படி வளையும்? நான் லிஃப்ட் பக்கம் தலைவெச்சுப் படுத்திருப்பேனா?"

"தப்புதான் மாஸ்டர்" என்று எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். "நாற்காலியை நாங்க அடுக்கிடறோம். நீங்க கிளம்புங்க."

மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். நிமிர்ந்த நடை வராந்தா திருப்பம் வரைக்கும்தான். அங்கே சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, லிஃப்டுக்குள் நுழைந்துகொண்டார்.

கீழே போனதும்தான் மூக்குக்கண்ணாடி ஞாபகம் வந்தது. திரும்ப மேலே வந்தார். ஹால் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஒரே சிரிப்பு. எட்டிப் பார்த்தார்.

நாற்காலிகள் சுவரோரம் கிடந்தன. பெண்கள் அத்தனை பேரும் தரையில் சம்மணம் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில், கிரேன் கேட்ட டீச்சர், பத்மாசனத்தில் ஜம்மென்று!

'அடிப்பாவிகளா! முட்டி வலியாம், முட்டி வலி! இத்தனை நாளும் நடிப்பா? இருங்க, வெச்சுக்கறேன்!' கதவைத் தள்ளக் கையை வைத்தார்.

"எனக்கு இந்த நாற்காலி அலுத்துப்போச்சு டீச்சர்" என்றாள் புதிதாகச் சேர்ந்த பெண். "அவர்கிட்ட திட்டு வேற. உண்மையைச் சொல்லிட்டா என்ன?"

"என்னன்னு சொல்லுவே? உங்களால உட்கார முடியலைன்னு எங்களுக்குத் தெரியும் மாஸ்டர்னா?" டீச்சரின் குரல் இறங்கியது. "என் வீட்டுக்காரர் போனப்போ, ராத்திரி பூரா விட்டத்தைப் பார்த்துக்கிட்டுக் கிடந்தவ நான். மூச்சைக் கவனின்னு சொல்லிச் சொல்லி என்னைத் தூங்க வெச்சவர் அந்த மனுஷன். திட்டினா திட்டிட்டுப் போறார். மானமா படியிறங்கட்டும்."

"எங்கே படியிறங்கறார்? லிஃப்ட்லதான் போறார்!" என்றாள் தையல்கடை அக்கா.

மறுபடியும் சிரிப்பு. பெற்ற பிள்ளையின் குறும்பைப் பேசிச் சிரிக்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

மாஸ்டரின் கை கதவிலிருந்து தானாக இறங்கியது. கண் நிறைந்துவிட்டது. சத்தமில்லாமல் திருப்பம் வரை பின்னால் போனார். அங்கே நின்று, பலமாக இருமினார். செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்தார்.

உள்ளே நாற்காலிகள் கரகரவென்று இழுபட்டன. "ஐயோ, என் முட்டி!" என்று யாரோ அவசரமாக முனகினார்கள்.

நுழைந்தபோது எல்லோரும் நாற்காலியில் இருந்தார்கள். டீச்சர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடியை மறந்துட்டேன்" என்று எடுத்துக்கொண்டார் மாஸ்டர். வாசல் வரை போய்த் திரும்பினார். திட்டப்போகிறார் என்று எல்லோரும் தயாராகத் தலையைக் குனிந்தார்கள்.

"மேனேஜர்கிட்ட நானே பேசிக்கறேன்மா" என்றார். "நாளையிலிருந்து ஒரே ஒரு நாற்காலி போட்டா போதும். எனக்கு."