சாவி என் கையில்

வண்டிச் சாவியை மேஜை மேல் ஓங்கி அடித்தார் முட்டைக்காரர். அந்த அடியில் பேனாக்கள் சிதறின. புது வண்டி பார்க்க வந்திருந்த ஒரு தம்பதி, பழைய வண்டியே போதும் என்று முடிவு செய்து ஷோரூமை விட்டு வெளியேறினார்கள்.

ஊரில் அவருக்குக் குக்கர் என்று பெயர். இப்படிப்பட்ட மனுஷரை நம்பி யார் முட்டையை ஏற்றி அனுப்புகிறார்கள் என்று புதியவர்கள் கேட்பதுண்டு. இருபது வருஷத்தில் அவர் ஒரு முட்டையைக்கூட உடைத்ததில்லை. இருக்கிற கோபத்தையெல்லாம் மனிதர்களிடமே செலவழித்துவிடுவதால் முட்டைக்கு மிச்சம் இருக்காது.

இன்றைய கோபத்தில் நியாயம் இருந்தது. வாங்கி ஒன்றரை வருஷம்கூட ஆகாத டீசல் பிக்கப் இது. மஞ்சள் விளக்கு எரியும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அப்புறம் ஆமைக்கு வழிவிட்டுப் போகும்.

முதல் தடவை ஏதோ சென்சாரை மாற்றினார்கள். அடுத்த தடவை சைலன்சர் பக்கத்தில் இருக்கும் புகை ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். மூன்றாம் தடவை ஃபில்டரையே புதிதாகப் போட்டார்கள். மறுபடியும் விளக்கு எரிந்தது. இன்னொரு நாள் முட்டை தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக நேற்று பேக்கரிக்காரர் சொல்லிவிட்டார்.

இன்று வண்டியில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு ஒரு தாளை நீட்டினார்கள். அதை வாங்கிக்கொண்டு வண்டி வரைக்கும் போனவர், கடைசி வரியைப் படித்ததும் சாவியை உருவிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். 'ஓட்டுபவரின் தவறு' என்று எழுதியிருந்தது.

"யாரு தப்பு? நான் ஸ்டியரிங் பிடிச்ச காலத்துல நீ நடைவண்டி தள்ளிக்கிட்டிருந்திருப்ப தம்பி. முதல்ல அந்த வரியை அடி."

சர்வீஸ் பொறுப்பாளருக்கு முப்பது வயதுக்குள் பாதி முடி கொட்டியிருந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் யாருக்கும் கொட்டும். அவர் பொறுமையாக விளக்கினார். வண்டி ஓடினால் சூட்டில் கரி எரிந்துவிடும். எஞ்சினை ஓடவிட்டு வண்டியை நிறுத்தியே வைத்தால் கரி போய் ஃபில்டரில் உட்கார்ந்துகொள்ளும். இந்த வண்டி நின்ற இடத்திலேயே முந்நூற்றுப் பத்து மணி நேரம் ஓடியிருக்கிறது.

"நின்னுக்கிட்டே தூங்கறதுக்கு அது என்ன குதிரையா? இறங்கின கையோட சாவியை உருவறவன் நான். இருக்கிறது ரெண்டே சாவி. ஒண்ணு இதோ. இன்னொண்ணை என் சம்சாரம் பீரோவில வெச்சுப் பூட்டியிருக்கா."

சொல்லிக்கொண்டே கண்ணாடிச் சுவருக்கு வெளியே கையைக் காட்டினார். உச்சி வெயிலில் நின்ற பிக்கப்புக்குள், ஏற்றிய கண்ணாடிக்குப் பின்னால், அவர் மனைவி சால்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பழைய வண்டி இருந்தவரை அந்த அம்மாள் சண்டைக்கு நடுவே இறங்கி வந்து, புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்துப் போவார். புது வண்டி வந்ததிலிருந்து இறங்குவதே இல்லை. தம் பக்கத்து நியாயம் கடைசியில் அவளுக்கும் புரிந்துவிட்டது என்று முட்டைக்காரர் மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

பொறுப்பாளர் இன்னொரு தாளை எடுத்து வைத்தார். வண்டி எந்தத் தேதியில், எங்கே, எவ்வளவு நேரம் நின்றபடி ஓடியது என்று வண்டிக்குள் இருக்கும் பெட்டி எழுதிவைத்த கணக்கு அது.

பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கும் ஆசையோடு முட்டைக்காரர் படிக்க ஆரம்பித்தார். மூன்றாம் தேதி, மார்க்கெட் வாசல், நாற்பத்தைந்து நிமிஷம். அன்றைக்கு வாட்ச்மேனோடு சண்டை. ஒன்பதாம் தேதி, பேக்கரி, ஒரு மணி நேரம். முட்டைத் தட்டு ஒன்று குறைகிறது என்று சொன்னவனோடு சண்டை. பதினான்காம் தேதி, மச்சான் வீட்டு வாசல், இரண்டே கால் மணி. கல்யாணப் போட்டோவில் தம் தலையை மட்டும் வெட்டிவிட்டார்கள் என்று அங்கே போய்க் கேட்டது அன்றுதான்.

ஒரு தேதிகூடத் தப்பவில்லை. முட்டைக்காரர் காது வரை சிவந்துபோனார்.

"நான் எங்கெங்க சண்டை போட்டேன்னு உன் பெட்டிக்கு யாருய்யா சொன்னது?"

பெட்டிக்குச் சண்டை தெரியாது, எஞ்சின் ஓடியது மட்டும்தான் தெரியும் என்றார் பொறுப்பாளர்.

அதற்கு மேல் குக்கர் தாங்கவில்லை. சாவியை ஒரு கையிலும் பொறுப்பாளரின் மணிக்கட்டை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். "வா. வந்து உன் காதாலயே கேளு. சாவி என் கையில. எஞ்சின் சத்தம் ஒரு துளி கேட்டுச்சுன்னா, நீ எழுதினதுக்குக் கீழே நானே கையெழுத்துப் போடறேன்."

கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் வெயில் முகத்தில் அறைந்தது. கூடவே, தடதடவென்று ஒரு சத்தம். பிக்கப்பின் அடியிலிருந்து ஏசித் தண்ணீர் சொட்டித் தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

முட்டைக்காரர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். பொறுப்பாளரும் பார்த்தார்.

வண்டிக் கண்ணாடி நான்கு விரல் அளவுக்கு இறங்கியது. உள்ளேயிருந்து குளிர்காற்று வந்தது. பீரோவில் இருக்கவேண்டிய சாவி ஸ்டியரிங் அருகே தொங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் சீட்டில் சாய்ந்திருந்த மனைவி, சால்வையை விலக்கிக் கண்ணைக் கசக்கினார்.

"அதுக்குள்ளயா முடிஞ்சிடுச்சு? இன்னும் ஒரு அரைமணி நேரம் சண்டை போட்டுட்டு வாங்களேன், இப்பத்தான் கண்ணு அசந்துச்சு."