பூசை முடிவதற்குள் இரண்டு பேட்டரி

முழங்காலுக்கும் இஞ்சினுக்கும் நடுவில் ஒரு சாண் இடம்தான் இருந்தது.

அந்த ஒரு சாணுக்குள் அவள் பேட்டரியைத் திருப்ப வேண்டும்.

ஐம்பது கிலோ. தூக்குவதற்கு இரண்டு பக்கமும் கயிறு வைத்திருப்பார்கள். இதில் ஒரு பக்கத்துக் கயிறு இற்றுப்போயிருந்தது. அடியில் விரலைக் கொடுத்து நெம்பினாள். விரல் நசுங்கியது. சத்தம் போடவில்லை.

விசைப்படகுக்குள்ளிருந்து பெண் குரல் கேட்கக் கூடாது.

மேலே தளத்தில் அவள் கணவன் டார்ச்சுடன் நின்றான். முதுகில் தட்டு விலகி நான்கு மாதமாகிறது. குனிய முடியாது. நின்றபடியே கையை நீட்டி வெளிச்சம் காட்டுவான். வலியில் கை நடுங்கும். அவள் பார்க்க வேண்டிய இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் வெளிச்சம் விழும்.

தூரத்தில் மாதா கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு.

ஞாயிற்றுக்கிழமை ஒரு படகும் கடலுக்குப் போகாது. துறை முழுக்கப் பூசையில் இருக்கும். அந்த ஒன்றேகால் மணி நேரம்தான் அவர்களுக்கு.

விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது பழைய பேட்டரி இரண்டும் மேலே வந்திருக்க வேண்டும். நற்கருணை வாங்கும் பாட்டுக்குள் புதியவை இரண்டும் உள்ளே உட்கார்ந்துவிட வேண்டும். கடைசி ஆசீர்வாதத்துக்கு அவள் வீட்டில் இருக்க வேண்டும், தலைவலியோடு. ஞாயிறுதோறும் தவறாமல் வரும் தலைவலி. பக்கத்து வீட்டுக்காரி கஷாயமெல்லாம் சொல்லித் தந்துவிட்டாள்.

பெண் ஏறினால் அந்தப் படகில் மீன் படாது என்பது இந்தத் துறையின் நம்பிக்கை. அவள் இதுவரை பதினொரு படகில் ஏறி இறங்கிவிட்டாள். மீன் அதுபாட்டுக்குப் பட்டுக்கொண்டிருக்கிறது.

ஆனால் தெரிந்துவிட்டால் அவனை இனி யாரும் படகில் பேட்டரி, ஒயர் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். வேறு வேலை அவனுக்குத் தெரியாது.

சாய்த்து வைத்த பலகையில் சோப்புத் தண்ணீரை ஊற்றினாள். பேட்டரியை அதன்மேல் ஏற்றினாள். இரண்டு காலையும் இஞ்சினில் ஊன்றி, முதுகால் தள்ளினாள். மேலே அவன் கப்பியில் கயிற்றைப் போட்டு இழுத்தான். கப்பி கிறீச்சிட்டது.

ஒன்று போயிற்று.

இன்னொன்றும் போயிற்று.

புதியது இறங்கும்போது தோளைக் கொடுத்து வாங்கினாள். அவள் போட்டிருந்தது அவனுடைய பழைய சட்டை. ஆசிட் பட்டு நெஞ்செல்லாம் ஓட்டை. சட்டைக்குள் வேர்வையும் டீசலும் ஒன்றாக ஓடின.

அவளுக்குப் பயமில்லை. அலுப்பாக இருந்தது. காலடியில் தேங்கிக் கிடந்த எண்ணெய்த் தண்ணீரிலேயே சாய்ந்து தூங்கிவிடலாம் போலிருந்தது.

இரண்டையும் கட்டையில் உட்கார்த்தினாள். வாரால் இறுக்கினாள். ஒயர்களை மாட்டினாள். கறுப்பு ஒயரின் போல்ட் ஒன்றுதான் பாக்கி.

அன்று பூசை வைத்தவர் வெளியூர்ச் சாமியார். பிரசங்கத்தை நாலே நிமிடத்தில் முடித்துவிட்டார். பூசையும் சீக்கிரமே முடிந்துவிட்டது. கப்பி போட்ட சத்தத்தில் அது இவர்கள் இருவருக்கும் தெரியவில்லை.

தளத்தில் காலடி கேட்டது.

உடனே அவன் இஞ்சின் அறையின் மூடிப் பலகையைக் காலால் தள்ளி மூடினான். கீழே கும்மிருட்டு.

"முடிஞ்சிட்டா? சாவியப் போட்டுப் பாப்பமா?"

தஸ்நேவிஸ் அண்ணாச்சி. படகின் சொந்தக்காரர், பூசையிலிருந்து நேராக.

"ஒரு போல்ட்டு பாக்கி அண்ணாச்சி."

"அப்ப எறங்கி முடிச்சிரு. நான் நிக்கேன்."



அவன் ஒரு சாக்குச் சொல்லுவான் என்று அவள் காத்திருந்தாள். பசிக்குது, டீ குடிச்சிட்டு வாறேன், ஸ்பேனரக் காணல, ஏதாவது. அவனுக்குப் பொய் வராது. பொய்யெல்லாம் அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பலகை பாதி நகர்ந்தது. இடைவெளியில் அவன் கால் இறங்கியது. ஏணியின் முதல் படியைத் தேடியது.

காலையில் பாயிலிருந்து எழும்போது அவன் தொண்டையில் ஒரு சத்தம் வரும். அது இப்போது வந்தது.

இன்னொரு தடவை தட்டு விலகினால் கால் வராது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அடுத்த படிக்குக் கால் இறங்கியது. அவள் இருட்டில் எட்டி அந்தக் குதிகாலைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க எறங்காதீங்க. ஒரு போல்ட்டுதான, நான் முடிச்சிருதேன்."

சத்தமாகத்தான் சொன்னாள்.

 பக்கத்துப் படகு வந்து இடித்துவிட்டு விலகியது.  அவன் கால் அவள் கையிலிருந்து மெல்ல மேலே போயிற்று.

ஏச்சு வரும். வரட்டும் என்று இருந்தது. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் படுக்கலாம். அடுத்த ஞாயிறு பூசைக்கே போகலாம்.

கையால் துழாவி ஸ்பேனரை எடுத்தாள். போல்ட் எங்கே என்று தெரியவில்லை.

மூடிப் பலகை முழுதாக நகர்ந்தது.

வெளிச்சம் வந்தது.

நேராகப் போல்ட்டின் மேல் விழுந்தது. அங்கேயே நின்றது. நடுங்கவில்லை.

அவள் அண்ணாந்து பார்த்தாள். முகம் தெரியவில்லை. திறப்பின் விளிம்பில் ஒரு முழங்கால் ஊன்றியிருந்தது. பூசைக்கு உடுத்திய வெள்ளை வேட்டி. அதில் கிரீஸ் ஏறிக்கொண்டிருந்தது.

அவள் குனிந்து ஸ்பேனரைப் போட்டாள்.