வெங்காய பன்

பேருந்து நிறுத்தத்தின் தூணுக்குப் பின்னால் நின்று அக்கா வெங்காய பன் தின்றுகொண்டிருந்தாள்.

ருசித்துத் தின்னவில்லை. மாத்திரை விழுங்குவதுபோல, பிய்த்துப் பிய்த்து வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றி இறக்கினாள்.

சாலைக்கு இந்தப் பக்கம் நான் அப்படியே நின்றுவிட்டேன்.

வெங்காயம் அவள் குடலுக்கு ஆகாது. பன்னில் இருக்கும் கோதுமையும் ஆகாது. அவளுக்கும் அது நன்றாகத் தெரியும்.

சற்று முன்புதான் உணவு ஆலோசகர் மேடத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அக்காவுக்குச் செருப்புக் கடையில் லீவு கிடைக்காததால் நான் போயிருந்தேன்.

"நல்லாயிருந்த வயிறு ஏன் மறுபடி உப்புது? வெளியில ஏதாவது சாப்பிடறாங்களா?" என்று கேட்டார் மேடம்.

"எங்க அக்கா அப்படிப்பட்டவ இல்ல மேடம்" என்றேன். வெளியாட்களிடம் நான் இவ்வளவு நீளமாகப் பேசுவதே அபூர்வம்.

எரிச்சல் குடல் நோய் என்று அதற்குப் பெயர் சொல்லவே எத்தனையோ டாக்டர்களைப் பார்க்க வேண்டியிருந்தது. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. ரத்தத்திலும் தெரியவில்லை. குடலில் புண்ணும் இல்லை, கட்டியும் இல்லை. ஆனாலும் தொட்டாற்சிணுங்கி மாதிரி எதற்கெடுத்தாலும் சுருண்டுகொள்ளும். காலையில் ஒட்டியிருக்கும் வயிறு சாயங்காலம் பானை மாதிரி நிற்கும். வலி வந்தால் கழிவறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுவாள்.

மேடம் சொன்னபடி சந்தேகப்பட்டதையெல்லாம் நிறுத்தினோம். பிறகு ஒவ்வொன்றாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் சேர்த்துப் பார்த்தோம். பயறை ஊறவைத்து, வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டினால் ஒத்துக்கொண்டது. வெங்காயத்துக்குப் பதிலாக வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி மட்டும். பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துப் போட்டுவிட்டு, அந்த எண்ணெயில் தாளிப்பேன்.

"பூண்டு குளிச்சிட்டுப் போன எண்ணெயா இன்னிக்கும்?" என்று அத்தான் கிண்டல் செய்வார். ஆனால் தட்டை வழித்துச் சாப்பிடுவார்.

பள்ளிக்கூடத்தில் நான் எதிலும் தேறவில்லை. பாதியில் நின்றுவிட்டேன். அக்காவின் வயிற்றில்தான் தேறினேன். வலி போனது. முகம் தெளிந்தது. இரவில் அசந்து தூங்கினாள்.

அந்த வயிறுதான் மறுபடி உப்புகிறது. எங்கே தப்பு செய்தேன் என்று தெரியாமல் சமையலறை டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தேன்.

பேருந்து வந்தது. அக்கா முன்வாசலில் ஏறினாள். நான் ஓடிப்போய்ப் பின்வாசலில் தொற்றிக்கொண்டேன்.

இன்றைக்கு விடப்போவதில்லை. நாலு பேர் முன்னால் வைத்துக் கேட்டுவிட வேண்டும்.

நெரிசலில் நசுங்கி நசுங்கி முன்னேறினேன். அக்கா தெரிந்தாள். மதியமும் ஒரு பன் உள்ளே போயிருக்க வேண்டும். வயிறு அதற்குள் முன்தள்ளியிருந்தது. ஒரு கை கம்பியில். இன்னொரு கை வயிற்றுக்கு அடியில், எதையோ தாங்குவதுபோல.

அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா, காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"நீ உக்காரும்மா. இந்த மாதிரி நேரத்துல நிக்கக் கூடாது."

அக்கா மறுக்கவில்லை. உட்கார்ந்தாள்.

நான் அவள் இருக்கைக்குப் பின்னாலேயே நின்றுகொண்டேன்.

வயிறு குணமான புதிதில் ஒருநாள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "இப்பல்லாம் பஸ்ல யாரும் எனக்கு எடம் குடுக்கறதே இல்லடி."

உடம்பு தேறிவிட்டது, இனி எதற்கு என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அது இப்போதுதான் உறைத்தது.

கல்யாணமான புதிதில் "விசேஷம் உண்டா" என்று எல்லோரும் அவளைத் துளைத்தெடுத்தார்கள். வருடங்கள் போகப்போக ஒவ்வொருவராகக் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

"எத்தனாவது மாசம்?" அந்தம்மா கேட்டார்.

"அஞ்சு."

"அஞ்சுக்கே இவ்வளவா! பொறக்கும்போதே தாடி மீசையோட வருவான் போல."

"இப்பவே என்னைப் படுத்தி எடுக்கறான்மா" என்று அக்கா சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை வீட்டில் நான் கேட்டதில்லை.

அந்தம்மா கேட்காமலே வயிற்றில் கை வைத்தார். உள்ளே குடல் புரண்டிருக்க வேண்டும்.

"அடடா, அசையறான்!"

அக்காவின் நெற்றி வலியில் சுருங்கியது. ஆனால் அந்தக் கையை அவள் விலக்கவில்லை.

வண்டி குலுங்கி நின்றது. பின்னாலிருந்து தள்ளியதில் நான் அக்காவின் மேலேயே சாய்ந்துவிட்டேன்.

"ஏ பொண்ணு, கண்ணை எங்க வச்சிருக்க? மாசமா இருக்கற பொண்ணு மேல வந்து விழறியே!" என்று அந்தம்மா அதட்டினார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

அவள் முகம் வெளுத்துப்போனது. அடக்கிவைத்திருந்த கோபம் அத்தனையும் என் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு வார்த்தை போதும்.

அந்தம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா, தெரிஞ்ச பொண்ணா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"எங்க அக்காதான்" என்றேன்.

பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"நான் சித்தி ஆகப்போறேன்."