ஓர் இடம் குறைகிறது

என் வீட்டுக்காரர் கைக்கொரு போனாக வைத்துக்கொண்டு கூடத்தில் உலாத்திக்கொண்டிருந்தார்.

வடக்கை ஒரு கூட்டணி வாரிச் சுருட்டியிருந்தது. தெற்கையும் கடற்கரையையும் எதிர்க் கூட்டணி துடைத்து எடுத்திருந்தது. மலைப்பகுதியில் ஆளுக்குப் பாதி. கடைசியில் பார்த்தால், ஆட்சி அமைக்க இரண்டு பேருக்குமே ஓர் இடம் குறைந்தது.

மிச்சமிருந்த அந்த ஓர் இடம் எங்கள் கட்சியுடையது.

எங்கள் கட்சி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தலைவர் இவர், பொருளாளர் இவர் தம்பி, அலுவலகம் எங்கள் கார் ஷெட். பன்னிரண்டு தொகுதியில் நின்று பதினொன்றில் டெபாசிட் போனது.

நேற்று வரை இவர் போனை எடுக்காதவர்கள் இன்று அண்ணே அண்ணே என்று வழிந்தார்கள்.

வடக்கோடு பேசும்போது தெற்கைத் தொப்பையில் அழுத்திக்கொள்வார். தெற்கோடு பேசும்போது வடக்கு தொப்பைக்குப் போகும். பேச்சு மட்டும் மாறவில்லை. கொள்கைதான் முக்கியம் என்று இரண்டு பேரிடமும் மூச்சுக்கு மூச்சு சொன்னார்.

கொள்கை முதலில் மீன்வளத் துறையாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் துறைமுகமாக வளர்ந்தது. நான் கொடுத்த காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் ரயில்வே ஆகிவிட்டது.

"அண்ணி, இன்னைக்கு நாடே அண்ணன் கையிலதான்!" என்றான் கொழுந்தன். வாயெல்லாம் பல். போன தடவை தோற்றபோது என் ராசியைக் குறை சொன்னதும் இதே வாய்தான்.

ரயில்வேக்கு வடக்கு சம்மதித்தது. இவ்வளவு நாள் மேடை போட்டு அவர்களைத் திருடர்கள் என்றவர், உயிர் உள்ளவரை உங்களோடுதான் என்று குழைந்தார்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியை இழுத்து மூடியவர்கள் அவர்கள்தான். அதைத் திறக்க வைப்போம் என்று வீடு வீடாகச் சத்தியம் செய்துதான் இந்த ஓர் இடமே கிடைத்தது.

போனை வைத்ததும் என் பக்கம் திரும்பினார்.

"நல்ல சேலையாக் கட்டிக்கிட்டு கிளம்பு. சபையில நான் சொல்ற பக்கம் கையைத் தூக்கினாப் போதும், மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

மோசடி வழக்கில் தண்டனை வாங்கியதால் இவரால் தேர்தலில் நிற்க முடியவில்லை. இவருக்குப் பதிலாக நின்று ஜெயித்தவள் நான்.

சரி என்று தலையாட்டினேன். ரயில்வே குஷியில் அவருக்கு ஒன்று மட்டும் உறைக்கவில்லை. சபை வாசலிலேயே அவரை நிறுத்திவிடுவார்கள். உள்ளே போகப்போவது நான் மட்டும்தான்.