மூன்றா, நான்கா?

பத்திரிகை ஆசிரியர் குவாக் கைப்பேசியை மேசையில் அறைந்தார். "காட்டுத்தீ நேத்தைவிட மூணு மடங்கு பெரிசுன்னு ஆங்கிலத்துல எழுதியிருக்கியே, அறிவிருக்கா? நேத்து எரிஞ்சதப் போல மூணு மடங்கா? இல்ல, அதுக்கு மேல இன்னும் மூணு சேர்ந்து நாலா?"

"வாசகருக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார்!" நிருபர் ஹேரினுக்கும் கோபம் வந்தது. "ஒரு வார்த்தைக்கா இப்படிக் கத்துறீங்க?"

"தீயணைப்பு நிலையத்துல கேளு!"

அவள் பல்லைக் கடித்தபடி தொலைபேசியில் கேட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "மொத்தம் நாலு மடங்காம். திருத்திடுறேன். போதுமா?"

குவாக் அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

"மூணுன்னா தீ ஓடைக்கு இந்தப் பக்கமே நின்னிருக்கும். அந்தப் பக்கம்தான் எங்கம்மா வீடு. காலையிலேருந்து போனை எடுக்கல."