இத்தாலித் தரை, கலிபோர்னியாச் சுவர்

“படுக்கையறை கிழக்கே பார்த்து வேணாம். காலைல வெயில் மூஞ்சிலயே அடிக்கும்” என்றாள் நாகஜோதி.

“அடிக்கட்டுமே. அப்பதான் டூட்டிக்கு நேரத்துல எந்திரிக்க முடியும்” என்றான் பாலகுரு.

பிரஷாந்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வீடு விற்கும் இந்தக் கம்பெனியில் உள் அலங்காரப் பிரிவில் சேர்ந்தவள். இதுவரை ஒருவரைக்கூட அவள் ‘சரி’ சொல்ல வைத்ததில்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மேலாளர் ரெங்கராஜ் அவளையே கவனித்துக்கொண்டிருந்தார்.

அமீரகத்தில் வீடு விற்பனை கொடிகட்டிப் பறந்த காலம் அது. ராஸ் அல் கைமா மலையடிவாரத்தில், வெளிநாட்டுத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் மாளிகைகளைப் போல வில்லாக்கள் எழும்பிக்கொண்டிருந்தன. மாதிரி வீட்டில் ஒவ்வொரு அறையும் ஒரு நாட்டுப் பாணி. பிடித்ததைச் சொன்னால் வீடு முழுக்க அப்படியே செய்து தருவார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் வந்து சுற்றிப் பார்க்கலாம். டீ இலவசம். வாசலில் பிளாஸ்டிக் திராட்சைக் குலைகள் மணல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

“இது இத்தாலி, அக்கா. சுட்ட மண் ஓடு பதிச்ச தரை. சுவரையும் வேணுமெண்டுதான் சொரசொரப்பா விட்டிருக்கிறம்.”

“தரை நல்லாருக்கு. வெறுங்காலோட நடக்கலாம்” என்றாள் நாகஜோதி.

“சுவரு பூசி முடிக்காத மாதிரில்ல இருக்கு? பக்கத்து ரூமைப் பாருங்க, கலிபோர்னியா. வெள்ளை வெளேர்னு” என்றான் பாலகுரு.

“ஆஸ்பத்திரியில நாள் பூரா வெள்ளையத்தான் பார்க்கிறேன். வீட்லயுமா?”

அடுத்தது பிரெஞ்சுச் சமையலறை. கதவைச் சாத்தினால் தாளிக்கிற வாசனைகூட வெளியே வராது என்றாள் பிரஷாந்தி.

“அப்ப நான் மட்டும் இதுக்குள்ள நிக்கணும். எல்லாரும் வெளிய உக்காந்து பேசிட்டிருப்பாங்க. டூட்டி முடிஞ்சு வந்து என்னால அது ஆகாது.”

“தொறந்த சமையலறையே இருக்கட்டும். பாதி வேலை நான் பார்த்துக்கிறேன்” என்றான் பாலகுரு.

“சமைப்பீங்களா?”

“மீன் குழம்பு நல்லா வைப்பேன். ரசம்தான் சொதப்பும்.”

பிரஷாந்திக்குச் சிரிப்பு வந்தது. ஆளுக்கொரு ஊரில் வருஷக்கணக்காக வேலை பார்த்துவிட்டுப் பிறகு ஒன்றுசேர்கிற குடும்பங்களை அவள் இங்கே நிறையப் பார்த்திருக்கிறாள்.

படியிறங்கிக் கீழ்த்தளத்துக்குப் போனார்கள். பாட்டில்களைப் படுக்க வைப்பதற்காகச் சுவர் முழுக்க மர அடுக்குகள். “இது வைன் அறை. திராட்சைத் தோட்டத்து வீடுகளில இது கட்டாயம் இருக்கும்.”

நாகஜோதி அடுக்குகளைப் பார்க்கவில்லை. பாலகுருவின் முகத்தைப் பார்த்தாள். “இது தேவைப்படுமா?”

“எனக்கு அந்தப் பழக்கம் கிடையாதுங்க. ஊறுகா ஜாடி வேணா அடுக்கலாம்.”

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

எல்லாக் கணவன்மாரும் சொல்வதுதான் என்று நினைத்துக்கொண்டாள் பிரஷாந்தி.

மேலே வந்ததும் விருந்தினர் அறை. “எங்கம்மா வந்தா இங்க தங்கிக்கலாம்” என்றான் பாலகுரு.

“எங்கம்மா வந்தா?”

“அவங்களும் இங்கதான். ரெண்டு பேருமா நம்மளைப் பத்திப் பேசிக்கிட்டுக் கெடக்கட்டும்.”

முதல் தடவையாக நாகஜோதி வாய்விட்டுச் சிரித்தாள். விற்றுவிட்டோம் என்று பிரஷாந்திக்குத் தோன்றியது.

ஆனால் கூடத்துக்கு வந்ததும் மறுபடி இத்தாலியும் கலிபோர்னியாவும் மோதிக்கொண்டன. இவள் ஒன்று சொல்ல, அவன் ஒன்று சொல்ல, பேச்சு முற்றியது.

“எல்லாத்துலயும் நீங்க சொல்றதுதான் நடக்கணுமா?” என்று கேட்டேவிட்டான் பாலகுரு.

நாகஜோதி விறுவிறுவென்று பால்கனிக்குப் போய்விட்டாள். கண்ணாடிக்கு அப்பால் ரெங்கராஜ் தலையில் கைவைத்துக்கொண்டார்.

பாலகுரு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான். பிறகு இரண்டு கோப்பை டீயை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனான்.

என்ன பேசினார்கள் என்று பிரஷாந்தியின் காதில் விழவில்லை. அவன்தான் அதிகம் பேசினான். அவள் மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறிப்போகும் நேரத்தில் கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

இருவரும் சேர்ந்தே உள்ளே வந்தார்கள். “தரை அவங்க சொன்ன இத்தாலி. சுவர் நான் சொன்ன கலிபோர்னியா. ரெண்டையும் கலந்து போட முடியுமாங்க?” என்று கேட்டான் பாலகுரு.

“ஏன் ஏலாது? வடிவாச் செய்து தரலாம், அண்ணை!”

ரெங்கராஜ் பேனாவோடு உள்ளே வந்தேவிட்டார். பிரஷாந்தி ஒப்பந்தத் தாளை மேசையில் விரித்தாள். “அப்ப முடிவு செய்திட்டீங்களோ, அக்கா?”

“செஞ்சாச்சு. ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லிடறேன்.”

நாகஜோதி கைப்பேசியை எடுத்து எண்களை அழுத்தினாள். பாலகுரு அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“அண்ணே, நாந்தான். மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கு.”