தெருமுனை வரை அழுகை

“நேத்து எத்தனை மணி நேரம் கழட்டி வெச்சிருந்தீங்க? உண்மையைச் சொல்லுங்க.”

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்ததுமே அவள் ஆரம்பித்துவிட்டாள். பஸ் கண்டக்டர். டிக்கெட் எடுக்காமல் நழுவப் பார்ப்பவனை முகத்தை வைத்தே பிடித்துவிடுவாள். இப்போது அவள் கண் புருஷன் முகத்தில் இருந்தது.

“இப்ப எதுக்கு அது? டாக்டர் பார்த்துச் சொல்லத்தானே போறார்,” என்றான் அவன். இரவெல்லாம் பேக்கரி அடுப்பின் முன்னால் நின்றுவிட்டு வந்தவன், கொட்டாவியை மென்று விழுங்கினான்.

அவன் மடியில் பூசணி. பிள்ளையின் கன்னத்தைப் பார்த்து வைத்த செல்லப் பெயர். பிறக்கும்போதே பிள்ளைக்கு இரண்டு பாதமும் உள்பக்கமாக வளைந்திருந்தன. வாராவாரம் மாவுக்கட்டு மாற்றி ஒருவழியாக நேராக்கியாயிற்று. நேரான கால் நேராகவே இருக்க, இப்போது வார் வைத்த குட்டி பூட்ஸ் இரண்டு, அவற்றை இணைக்க நடுவில் ஒரு கம்பி. குளிக்கும் நேரம் தவிர ராவும் பகலும் அதைப் போட்டே இருக்க வேண்டும். கழற்றிக் கழற்றி வைத்தால் கால் பழையபடி திரும்பிக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து மாவுக்கட்டுதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

“காலையில குளிப்பாட்டி நான் மாட்டிவிடும்போது வீட்டையே ரெண்டாக்குறான். ஆச்சு கண்ணு, ஆச்சு ராஜான்னு எவ்வளவு கொஞ்சினாலும் அடங்க மாட்டேங்கறான். நான் தெருமுனை போற வரைக்கும் அழுகை கேக்குது. சாயங்காலம் வந்து பார்த்தா, கம்பியை டொக்கு டொக்குன்னு தரையில தட்டிக்கிட்டு சிரிக்கிறான். எப்படி?”

“கம்பியைப் பிடிச்சு முன்னயும் பின்னயும் தள்ளி விளையாட்டு காட்டுவேன். ரெண்டு காலையும் சேர்த்து உதைக்கப் பழகிட்டான்ல, குஷியாயிட்டான்.”

“கதை விடாதீங்க. மாடி வீட்டு அக்கா சொல்லிட்டாங்க. நான் கிளம்பின கொஞ்ச நேரத்துல வீடே கப்சிப்னு ஆயிடுதாமே?”

எதிர் பெஞ்சில் காலில் கட்டோடு இருந்தவர் பேப்பர் படிப்பதை நிறுத்திவிட்டு, பக்கத்தைத் திருப்பாமல் இவர்கள் பேச்சையே கேட்டுக்கொண்டிருந்தார். அவன் பூசணியின் உச்சந்தலையில் முத்தம் வைத்தான்.

அவளுக்குச் சந்தேகம் சும்மா வரவில்லை. மனுஷன் அப்படி ஓர் இளகின மனசுக்காரன். தடுப்பூசி போட்ட அன்றைக்குப் பிள்ளை அழுது ஓய்ந்த பிறகும் இவன் ஓயவில்லை. நர்ஸ் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தது இவனுக்குத்தான். பகலில் பிள்ளை இவன் பொறுப்பு, அவள் வேலை முடிந்து வந்த பிறகுதான் இவனுக்குத் தூக்கம். இப்பேர்ப்பட்ட ஆளிடம் பிள்ளையையும் பூட்ஸையும் ஒப்படைத்துவிட்டு அவள் எப்படி நிம்மதியாக விசில் ஊதுவாள்?

“உங்களுக்கு அவன் அழுதா தாங்காது. எனக்கு மட்டும் தாங்குதா? பல்லைக் கடிச்சுக்கிட்டு மாட்டிட்டுத்தானே போறேன்?”

அவளுக்குக் கோபம் பாதி, பொறாமை பாதி. பிள்ளையின் அழுகை முழுக்க அவள் பங்கு, சிரிப்பு முழுக்க அவன் பங்கு என்று ஆகிவிட்டதே!

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் வருவதற்கு முன் நர்ஸ் பூட்ஸைக் கழற்றி, குட்டிப் பாதங்களை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அதற்குள் அவளால் பொறுக்க முடியவில்லை.

“நீங்களே கேளுங்க சிஸ்டர். நான் வேலைக்குப் போனதும் இவர் பூட்ஸைக் கழட்டிடறார். கேட்டா மழுப்பறார்.”

நர்ஸ் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். “கழட்டறீங்களா?”

அவன் மனைவியைப் பார்த்தான். பிள்ளையைப் பார்த்தான். தப்பிக்க வழியில்லை என்று தெரிந்துவிட்டது.

“கழட்டறேன் சிஸ்டர். தினமும்தான். இவ தெருமுனையைத் தாண்டினதும்.”

“பார்த்தீங்களா!” அவள் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். ஜெயித்த சந்தோஷம் ஒரு நொடிகூட நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. “மறுபடியும் மாவுக்கட்டா சிஸ்டர்? என் பிள்ளைக்கு மறுபடியும் முதல்லேர்ந்தா?”

“முதல்ல உக்காருங்கம்மா. பாதம் கச்சிதமா நிக்குது. மணிக்கணக்குல கழட்டி வெச்ச கால் மாதிரியே இல்லையே!” நர்ஸ் குழப்பத்தோடு அவன் பக்கம் திரும்பினார். “கழட்டி எவ்வளவு நேரம் வெச்சிருப்பீங்க?”

“ஒரு நிமிஷம்கூட இருக்காது சிஸ்டர்.”

“அதுக்கு எதுக்குக் கழட்டணும்?”

அவன் மேஜையில் கிடந்த பூட்ஸின் வாரை விரலால் நீவினான்.

“சொன்னா நாள் பூரா பஸ்ஸுல நின்னு அழுதுகிட்டிருப்பாளேன்னு வாயைத் திறக்கல,” என்றான் தணிந்த குரலில். “இவன் அழ ஆரம்பிச்சா, பாவம், இவ கை தானா வாரை ஒரு ஓட்டை தளர்த்தி மாட்டிடுது, உள்ள குதிகால் நழுவி உரசி இன்னும் வீறிடறான், நான் கழட்டி, இறுக்கி மாட்டினப்புறம்தான் சிரிக்கவே ஆரம்பிக்கிறான்.”